என் முடியை நேர்ந்துவிட்டுப் போன பாவாவுக்கு

என் அருமை வழுக்கைத் தலைப் பாவாவுக்கு,

உங்கள் நினைவு நாள் வருகிறது. நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று உங்கள் தம்பி ஏகாம்பரம் அரக்கோணத்திலிருந்து பிரஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அதில் வரிசையாகப் பாட்டுகள். "அப்பாவுக்கு ஒண்ணு, தாத்தாவுக்கு ஒண்ணு, புருஷனுக்கு ஒண்ணு. எது வேணும்னு சொல்லுங்கம்மா, பேரை மட்டும் மாத்திப் போட்டுடலாம்" என்றார்.

படித்துப் பார்த்தேன். எல்லாப் பாட்டிலும் நீங்கள் தெய்வமாகிவிட்டீர்கள். எல்லாப் பாட்டிலும் நாங்கள் கண்ணீரில் மிதக்கிறோம். தெய்வமா? கொடியில் தொங்கும் வேட்டி கண்ணுக்குத் தெரியாமல் துண்டோடு நின்று வீட்டையே கூப்பிட்ட ஆளா?

"பாட்டு வேணாம். படத்துக்குக் கீழ நான் எழுதித் தரேன், அதைப் போடு" என்றேன். உங்கள் தம்பி சிரித்தார். "இன்னா அண்ணி, அஞ்சாங்கிளாசு படிச்சுட்டு நீங்க எழுதப் போறீங்களா?" என்றார். ஆமாம், ஐந்தாம் வகுப்புதான். அவர் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போய், எழுதிய தடவையெல்லாம் தோற்றவர். நான் எழுதிய பரீட்சை எதிலும் தோற்றதில்லை.

ஆகவே இது உங்களுக்கு எழுதுவது. உறவுக்காரர்களும் படிக்கட்டும். படிக்க வேண்டும் என்றுதான் அச்சில் போடுகிறேன். வீட்டில் நான் வாயால் சொன்னால் யாருக்கும் காது கேட்பதில்லை.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அது திரும்பி வந்துவிட்டது, பாவா. போன தடவை இடது மார்பில் வந்தது. இந்தத் தடவை வலது பக்கம். மார்பில் ஒரு கட்டி, அக்குளில் ஒரு கட்டி. பங்குனி உத்திரக் கூட்டத்துக்காகச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தேன். கட்டையைக் கல்லில் தேய்க்கத் தேய்க்க அக்குளில் ஏதோ இடறியது. கையை விட்டுத் தொட்டதும் தெரிந்துவிட்டது. மீதிச் சந்தனத்தையும் அரைத்து வழித்துவிட்டுத்தான் எழுந்தேன். வெயிலில் மொட்டைத் தலையோடு நிற்கிறவர்களிடம் போய், எனக்குக் கட்டி வந்திருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்றா சொல்ல முடியும்?

நம் கடை எது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருத்தணி மலையடிவாரத்தில் சரவணப் பொய்கைப் பக்கம், மொட்டை போடுகிற மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் வலது கைப் பக்கம் இருக்கிற சந்தனக் கடை. முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு, குளித்துவிட்டு வருகிறவர்கள் தலையில் நான்தான் சந்தனம் பூசி அனுப்புகிறேன். பக்கத்துக் கடைக்காரன் கலர் மாவைக் கரைத்துப் பூசுகிறான். அவனிடம் போனவர்கள் அரிப்பெடுத்து என்னிடம் வருவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் தொட்ட மொட்டைத் தலைகள், இந்த ஊரில் வேறு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, முடி கொட்டிவிடுமே என்று அழுகிறார்கள். எப்படி இருக்கிறது?

நடந்ததைச் சொல்கிறேன். நம் பிள்ளை முனிரத்தினம் என்னை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனான். வைகாசியில் அறுத்து எடுத்தார்கள். எடுத்தது மட்டும் போதாது, மருந்தை ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்ற வேண்டும், சில வாரத்துக்கு ஒரு தடவை வந்து வந்து போக வேண்டும் என்றார்களாம். அதற்குக் கீமோதெரபி என்று பேர். இதை டாக்டர் யாரிடம் சொன்னார்? அவனிடம். நான் கதவுக்கு வெளியே பெஞ்சியில் குந்திக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து நம் பிள்ளை குரல் கேட்டது. "எங்கம்மாவுக்கு இன்னா வியாதின்னு தெரியாது சார். தயவு செஞ்சு சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க."

போன தடவையே ஒரு மார்பை அறுத்து எறிந்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தவள் நான். என்ன வியாதி என்று எனக்குத் தெரியாதாம்! ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு அதை எழுத்துக் கூட்டத் தெரியாதா? புற்றுநோய். இதோ, நானும் எழுதிவிட்டேன். அச்சுக் கோக்கிறவர் கை வெந்துவிடாது. நம் வீட்டில் மட்டும் இன்றைக்கும் அது 'அந்த வியாதி'. சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள், ஏதோ நான் யாரோடோ ஓடிப்போய்ப் பிடிபட்ட மாதிரி.

அப்புறம் வீட்டில் கூட்டம் போட்டார்கள். கே.ஜி.கண்டிகையிலிருந்து உங்கள் அக்கா நாகம்மா வந்தார். ஏகாம்பரம் வந்தார். என் வீட்டில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்து, என் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். என்னை மட்டும் கேட்கவில்லை. வாந்தி வரும், வாய் புண்ணாகும், ரத்தம் குறையும், முடி கொட்டும் என்று டாக்டர் சொன்னதை முனிரத்தினம் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவர்கள் காதில் ஏறியது கடைசி ஒன்றுதான்.

"முடி கொட்டுமா? ஐயையோ, அது சாமி முடியாச்சே!" என்று உங்கள் அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

பாவா, இந்த இடத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள்.

போன தடவை என்னை உள்ளே அறுத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வராந்தாவில் நின்று, திருத்தணி எந்தப் பக்கம் என்று வாட்ச்மேனைக் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டீர்களாம். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து, எந்த வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தண்டவாளத்தைத் திருப்பி விட்டவருக்கு, சொந்த ஊர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. போகட்டும். என்ன வேண்டிக்கொண்டீர்கள்? 'முருகா, என் பொண்டாட்டி குணமாயிட்டா அவ தலையை முழு மொட்டை போட்டுடறேன்.' இதை என்னிடம் நீங்கள் சொல்லவில்லை. பொய்கையில் கத்தி வைக்கிற கோவிந்தன்தான் சொன்னான். "அக்கா, உன் தலைக்கு நான்தான் கத்தி வெக்கணும்னு மாமா ஊரெல்லாம் சொல்லிக்கினு போவுது, உனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து உங்களைக் கேட்டேன். "யாரைக் கேட்டு என் முடியை நேர்ந்தீங்க?"

"என் தலையில இன்னா கீது குடுக்க? இருந்தா நான் குடுக்க மாட்டனா?" என்றீர்கள்.

"மீசை கீதே."

உங்கள் கை தானாக மீசைக்குப் போயிற்று, நான் அப்போதே பிடுங்கிக்கொள்வேன் என்பது போல. தலையில் ஒன்றும் இல்லாததற்கெல்லாம் சேர்த்து வளர்த்த மீசை. பொண்டாட்டி தலையில் இடுப்பு வரைக்கும் தொங்குவதைத் தூக்கிக் கொடுக்க ஒரு நிமிஷம் யோசிக்காத ஆளுக்கு, விரல் நீள மீசையைக் கொடுக்க மனம் வரவில்லை. பக்தியைப் பார்த்தீர்களா!

இந்த ஊரில் இது உங்களுக்கு மட்டும் இருக்கிற குணம் இல்லை. கடையில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன். புருஷன் பரீட்சை தேறினால் பொண்டாட்டிக்கு மொட்டை. அப்பனுக்கு வேலை கிடைத்தால் குழந்தைக்கு மொட்டை. நேர்ந்துகொண்டவன் தலையை வாரிவிட்டுக்கொண்டு நிழலில் நிற்பான். குழந்தை கத்தியைப் பார்த்து வீறிட்டு அழும். அடுத்தவர் தலையைக் காட்டி வேண்டிக்கொள்கிற சாமர்த்தியசாலிகள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும் பாருங்கள், அதில் என் சந்தனத்தை அள்ளி அப்பலாம் போல இருக்கும்.

நான் அன்றைக்கு உங்களுக்குச் சொன்ன பதில் உங்களுக்கு நினைவிருக்கும். "குணமாயிட்டான்னுதானே நேர்ந்தீங்க? குணமாயிடுச்சுன்னு யாரு சொன்னது? டாக்டரே அஞ்சாறு வருஷம் போவட்டும், பார்க்கலாம்னு சொல்லிக்கீறாரு. அவர் சொல்லட்டும், அப்புறம் தலையைக் குடுக்கறேன்." நீங்கள் யோசித்தீர்கள். "ஆங், நியாயந்தான்" என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆனால் அடுத்த கிருத்திகையன்று நீங்கள் மீசை இல்லாமல் கடைக்கு வந்து நின்றீர்கள். உதட்டுக்கு மேல் வெளுத்துப்போய், உரித்த கிழங்கு மாதிரி. எனக்கு யார் என்றே தெரியவில்லை. "இன்னாம்மே பார்க்கறே? சந்தனம் வெய்யி" என்று முகத்தை நீட்டினீர்கள். மீசை இருந்த இடத்தில் ஒரு விரல் சந்தனம் இழுத்துவிட்டேன். கடைத்தெருவே சிரித்தது. நானும்தான். இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. கேவலமாக இருந்தீர்கள், பாவா.

அப்புறம் அந்த இடது கை. அறுத்த பிறகு அது தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. ஒரு கையால் பின்னல் போட முடியுமா? மருமகள் சரசு வந்தால், உச்சி முடியை ஆட்டுக்குட்டியை இழுப்பது போல இழுப்பாள். நீங்கள்தான் சீப்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து குந்தினீர்கள். முப்பது வயதிலிருந்து சீப்பே வேண்டாத தலை, சிக்கெடுக்க வந்தது! "அசையாத, இது சாமி சொத்து, பத்திரமா வாரணும்" என்பீர்கள். நீங்கள் போட்ட பின்னல் ஸ்டேஷனை விட்டு வெளியே போகிற தண்டவாளம் மாதிரி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும். அதோடுதான் கடையில் உட்கார்ந்தேன். யார் போட்டது என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை.

அப்படிப் பின்னிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் உங்கள் கை நின்றது. நான் திட்டினேன், "இன்னா, தூங்கறீங்களா?" என்று. திரும்பிப் பார்த்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தீர்கள். உங்களை வாசலில் கிடத்தியபோது நான் பாதிப் பின்னலோடு உட்கார்ந்திருந்தேன். புருஷன் செத்தால் தலையை விரித்துப் போட வேண்டும் என்று உங்கள் அக்கா அதை அவிழ்க்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

அதைத்தான் இந்தக் கூட்டத்தில் தீர்த்துக்கொண்டார். "நான் சொல்லிடறேன், மனசுல வெச்சுக்கத் தெரியாது எனக்கு. எந்தம்பி நேர்ந்த முடியை இவ குடுக்கல. அதான் அந்த வியாதி திரும்பி வந்துகினு கீது. இது சாமி குத்தம். மொட்டையப் போடுங்க, தானா போயிடும். ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

பாவா, உங்கள் அக்காவுக்கு முருகனைப் பற்றி எவ்வளவு கேவலமான எண்ணம்! அந்த மண்டபத்திலிருந்து முடி மூட்டை மூட்டையாக வண்டியேறிப் போவதை நான் தினமும் பார்க்கிறேன். இத்தனை மூட்டை போதாமல் என் தலை மயிருக்காக ஒரு கிழவி மார்பில் போய்க் கட்டி வைக்கிறாரா அவர்? நம் தெருவில் ரேஷன் கடை வைத்திருப்பவன்கூட அவ்வளவு அற்பன் இல்லையே. இதைச் சொன்னேன். "வாயக் கழுவு, வாயக் கழுவு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கன்னத்தில்தான்.

அடுத்தது ஏகாம்பரம். எல்லோரையும் கை காட்டி நிறுத்தினார். பெரிய யோசனை வந்துவிட்டதாம். "ஊசியும் போடலாம், நேத்திக்கடனும் தீர்க்கலாம். ஊசி போடறதுக்கு முன்னாடியே மொட்டையப் போட்டுடுங்க. எப்படியும் கொட்டப்போற முடிதானே? ஆஸ்பத்திரிக் குப்பையில விழறதுக்கு முன்னாடி சாமிக்குக் குடுத்துட்டா ரெண்டு வேலையும் ஒரே நாள்ல முடிஞ்சுடும்."

நம் பிள்ளை முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஆமாம்மா. யாரானா கேட்டாலும் வேண்டுதல் மொட்டைன்னு சொல்லிக்கலாம். ஊசி போட்டுதான் இப்படி ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது" என்றான். மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "முழு மொட்டை வேணாம்னா பூமுடி குடுத்துடலாமே அத்தே, நுனியில கொஞ்சமா வெட்டினா போதும்" என்றாள். அவள் நல்லதுக்குச் சொன்னாள். அவளை விட்டுவிடுகிறேன்.

மற்ற இருவரையும் விட மாட்டேன். நாளைக்கு அழுகப் போகிற பழத்தை இன்றைக்கு அர்ச்சனைத் தட்டில் வைத்து, பார்த்தாயா என் பக்தியை என்று நிற்கிற புத்தி இது. அதற்கு மேல், வியாதியை மறைக்க முருகன் பேரில் ஒரு பொய். என் பிள்ளைக்கு நான் சாவது பயமில்லை, நான் என்ன வியாதியில் மொட்டையானேன் என்று அவனோடு வேலை பார்க்கிறவர்கள் இருக்கிற ரயில்வே குவார்ட்டர்ஸில் தெரிந்துவிடுவது பயம். உங்கள் அக்கா வயிற்றில் பிறந்ததா, என் வயிற்றில் பிறந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் வயிற்றில்தான். வேறு வழியில்லை.

மூன்று நாள் கழித்துச் சந்தனக் கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடையைச் சரசுவிடம் விட்டுவிட்டு, நானே டிக்கெட் எடுத்து மெட்ராஸுக்கு ரயிலேறினேன்.

இந்தத் தடவை உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். நம் மருமகளை விடச் சின்ன வயதுதான் இருக்கும். "கூட யார் வந்திருக்காங்க பாட்டி?" என்றாள்.

"நான் வந்திருக்கேன். வியாதி எனக்குத்தானே?"

"பயப்படாதீங்க பாட்டி. எல்லாம் சரியாயிடும்."

"போன தடவை உங்க பெரிய டாக்டரும் அதைத்தான் சொன்னாரு, எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சுன்னு. அப்புறம் நான் இன்னாத்துக்கு இங்க வந்து குந்திக்கினு கீறேன்? பாட்டி பாட்டின்னு கொஞ்சாத. உள்ளதைச் சொல்லு."

அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "சரிம்மா, சொல்றேன். போட்டுக்கலைன்னா திரும்ப வரும்னுதான் நான் நினைக்கிறேன், சீக்கிரமாவே. போட்டுக்கிட்டா வராமலே இருக்கலாம். வந்தாலும் ரொம்ப நாள் கழிச்சு வரலாம். முழுசாக் குணமாயிடும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மருந்து போடற அன்னிக்கும் அடுத்த ஒண்ணு ரெண்டு நாளும் ரொம்பக் கஷ்டமா இருக்கும். முடிவு உங்களோடதுதான்."

"முடி?"

"கொட்டும்மா. அனேகமாப் பூராவும்."

"திரும்ப வருமா?"

"மருந்தை நிறுத்தினதும் வரும்."

பாவா, இந்த வியாதி வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசியது அந்தப் பெண் ஒருத்திதான். அவளை மட்டும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வெளியே பெஞ்சியில் நகரி ஊர்க்காரி ஒருத்தி குந்திக்கொண்டிருந்தாள். தறி நெய்கிற வீட்டுப் பெண்ணாம், பேர் பத்மா. தலையில் முக்காடு. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். "ஊசிக்கா அக்கா?" என்றாள். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றேன். "நான் போட்டு முடிச்சாச்சு. இப்ப சும்மா காட்டிட்டுப் போறதுக்கு வந்தேன். பொய் சொல்ல மாட்டேன் அக்கா, குடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி வரும். புருஷன்காரன் மூஞ்சியப் பாத்தாலே வாந்தி வரும்."

"அது ஊசி போடாமலே வருமே" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள்.

அப்புறம் முக்காட்டை எடுத்தாள். "பாரு." தலை நிறைய, விரல் கணு உயரத்துக்குப் புது முடி. கறுப்பாக, சுருள் சுருளாக. "எனக்கு முன்னாடி சுருட்டையே கிடையாது அக்கா. இது புதுசா வந்துச்சு. கை வெச்சுப் பாரு."

வைத்தேன். எத்தனை தலை தொட்ட கை இது. கத்தி பட்ட தலை சொரசொரவென்று இருக்கும், எரியும், குளிர்ச்சிக்கு ஏங்கும். இது அப்படி இல்லை. பிறந்த குழந்தை தலை மாதிரி, கையை வைத்தால் கையைத் தேடி வருகிற மாதிரி இருந்தது. நான் எடுக்கவில்லை. அவளும் தலையை நகர்த்தவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் யோசித்தேன். போட்டுக்கொள்ளாமல் இருந்துவிடலாம் என்றும் யோசித்தேன், பாவா, உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு ஊரெல்லாம் காவடி வரும்போது நான் வாந்தியெடுத்துக்கொண்டு பாயில் கிடக்க வேண்டும். அந்த நாளில் கடை திறக்காத வருஷம் எனக்கு இல்லை. பக்கத்துக் கடைக்காரன் கலர் மாவை வாளி வாளியாகக் கரைப்பான். யாருக்காக இன்னும் சில வருஷம்? பேரப்பிள்ளைகளுக்கு டி.வி. பெட்டி வந்துவிட்டது, கிழவி வேண்டாம். நீங்களும் இல்லை. இப்போது வலது கையும் தூக்க வரவில்லை. தலை வாரிக்கொள்ள ஆளில்லாதவளுக்கு உயிர் எதற்கு என்று அரக்கோணம் வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அரக்கோணத்தில் வண்டி நின்றது. நீங்கள் வேலை பார்த்த இடம். அங்கேதான் எனக்கு நாகம்மா அண்ணி முகம் ஞாபகம் வந்தது. நான் செத்துப்போனால் அவர் என் தலைமாட்டில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: 'முடி குடுக்கல, பாத்தீங்களா, முருகன் விட்டானா?' கே.ஜி.கண்டிகை பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் நான் ஒரு கதையாகிவிடுவேன். பிள்ளைகளை மிரட்டுகிற கதை. சாவதற்கு எனக்குப் பயமில்லை. உங்கள் அக்கா சொன்னது பலித்தது என்று ஆவதற்காக மட்டும் சாக மாட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். சொல்லி வைத்தாற்போல எல்லோரும் இருந்தார்கள். நான் எங்கே போய்விட்டேன் என்று தேடினார்களாம்.

"ஊசி போட்டுக்கப் போறேன்" என்றேன்.

"அப்போ வர்ற கிருத்திகைக்கே மொட்டைக்குச் சொல்லிடறேன்" என்று ஏகாம்பரம் எழுந்தார்.

"குந்துங்க. மொட்டை போட மாட்டேன்."

"அண்ணன் நேர்ந்த முடி அண்ணி! ஆஸ்பத்திரித் தலகாணியில கொட்டணுமா?"

"கொட்டட்டும். உங்கண்ணன் இன்னா நேர்ந்தாரு? குணமாயிட்டா குடுக்கறேன்னு நேர்ந்தாரு. இது குணமான முடியா? வியாதியில வளர்ந்த முடி. இதைக் குடுத்து ஏமாத்தினா, மலை மேல நிக்கறவர் உங்களை மாதிரி ஏமாந்துடுவாரா?"

"அப்போ நேத்திக்கடன்?" என்றார் நாகம்மா அண்ணி.

"மருந்தெல்லாம் முடிஞ்சு, புதுசா ஒரு முடி வரும். அது குணமான முடி. அதான் முருகனுது. அது வரலைன்னா நான் குணமாவலைன்னு அர்த்தம். குணமாவலைன்னா கடனும் இல்ல. எங்க வூட்டுக்காரர் பேசின பேச்சு அவ்வளவுதான். வேணும்னா நீங்களே போய் முருகனைக் கேட்டுக்கினு வாங்க."

முனிரத்தினம்தான், "வெளிய கேட்டா இன்னாம்மா சொல்றது?" என்றான், பாவமாக. "புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கினு கீறாங்கன்னு சொல்லு. சொல்லத் தெரியலைன்னா அப்பா நினைவு நாள் நோட்டீஸுல வரும், அதைக் குடு" என்றேன். பாவா, அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம். பிரஸ்காரர் இடம் போதாது என்றால் உங்கள் படத்தைச் சின்னதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். மீசை இல்லாத படம்.

நாளைக்குக் காலை வண்டிக்குப் போகிறேன். சரசு பின்னிவிடுகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். தலையைக் கீழே குனிந்து கையை மடியில் முட்டுக்கொடுத்து நானே பின்னிக்கொள்வேன். கோணலாகத்தான் வரும். வரட்டும். அந்த முடிக்கு அந்தப் பின்னல்தான் பழக்கம். போகிறபோது அப்படியே போகட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். புது முடி வரும். அது என் தோளைத் தொடுகிற வரைக்கும் நான் உயிரோடு இருக்கப் பார்க்கிறேன். தொட்டதும் பொய்கையில் முங்கி எழுந்து கோவிந்தன் முன்னால் குந்துவேன். பூமுடி இல்லை, நீங்கள் சொன்ன முழு மொட்டை. சுருட்டையாக இருந்தாலும் ஆசைப்பட்டு வைத்துக்கொள்ள மாட்டேன். நான் அரைத்த சந்தனத்தை நானே பூசிக்கொள்வேன். அதுவரைக்கும் முருகனைக் காத்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள்தான் இப்போது அவர் பக்கத்தில் இருக்கிறீர்கள். கேட்டால், என் பொண்டாட்டி கடன் வைக்கிறவள் இல்லை, அழுகல் சரக்கும் கொடுக்கிறவள் இல்லை என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் கோணல் பின்னலோடு இருக்கிற மாமன் மகள்,
கன்னியம்மாள்